ஆடுகளமும் பரீட்சை மண்டபமும்: ஆரம்பகாலப் பேசும்படங்களிற் கல்லூரி நகைச்சுவை

தமிழ்த் திரைப்பட விமர்சனத்தில் நகைச்சுவைப் படத்துக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. புராணப் படம், சமூகப் படம், அரசியற் கருத்துகளைப் பரப்பிய படம் என்பன பற்றி விரிவாக ஆராய்ந்தோரும் நகைச்சுவையைப் பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் வழக்கமாயிற்று. ஆனால் ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகின்றது, எதை மதிக்கின்றது, எதைப் பொருட்படுத்தாது விடத் துணிகின்றது என்பவற்றை அதன் சிரிப்பைப் போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. கல்வியைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவைக்கு இது சிறப்பாகப் பொருந்தும். பரீட்சையில் தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எல்லோருக்கும் ஒரே விலையிற் கிடைப்பதில்லை.

திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் ஒரு புதிய படவகை செல்வாக்குப் பெற்றது. கல்லூரி, விளையாட்டு, காதல் ஆகிய மூன்றையும் பின்னிய நகைச்சுவைப் படமே அது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துத் தமிழில் வெளிவந்த 'சபாபதி' மாணவன் ஒருவனை நகைச்சுவை நாயகனாக்கியது. ஆயினும் அங்கே ஆடுகளம் இல்லை. அதன் இடத்தில் பரீட்சை மண்டபமே உள்ளது. இந்த வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, கொழும்பு வடக்கில் வாழும் தமிழ்ப் பார்வையாளனுக்கு அது எதை உணர்த்துகின்றது என்பன ஆராயத்தக்கவை.

பேச்சும் ஆரவாரமும்

கல்லூரி விளையாட்டைப் படமாக்குதல் ஒலியோடு தோன்றிய வழக்கமன்று. ஹரல்ட் லொயிட் 1925இல் நடித்த 'த ஃபிரெஷ்மன்' என்னும் மௌனப் படம், கல்லூரியிற் புகழ்பெற விரும்பிய இளைஞனொருவன் எல்லோராலும் ஏளனஞ் செய்யப்பட்டு, இறுதியில் உதைபந்தாட்டக் களத்தில் வெற்றி காண்பதைக் காட்டியது. ஆயின் மௌனப் படம் ஆட்டத்தைக் காட்டலாமேயன்றிக் கூட்டத்தைக் கேட்பிக்க முடியாது. 1927இல் 'ஜாஸ் சிங்கர்' வெளிவந்தபின் பார்வையாளரின் கூச்சலும் வாத்தியக் குழுவின் முழக்கமும் கல்லூரிப் பாடலும் திரைக்குரிய பொருள்களாயின. தயாரிப்பாளர் ஒலியைப் பயன்படுத்துவதற்குக் காரணங்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், கல்லூரி மைதானம் அதற்குரிய எல்லாவற்றையும் ஒருசேரக் கொண்டிருந்தது.

1929இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'சோ திஸ் இஸ் கொலிஜ்' ஓர் அறையிற் கூடி வாழும் மாணவர் இருவர் ஒரு பெண்ணின் பொருட்டுப் பிணங்குவதையும், களத்தில் ஒன்றுபடுவதையும் கூறுவது. மறு ஆண்டு அதே நிறுவனம் 'குட் நியூஸ்' என்ற படத்தை வெளியிட்டது. 1927இல் நியூயோர்க் மேடையில் பெருவெற்றி கண்ட இசை நாடகத்தைத் தழுவியது இது. டெயிற் கல்லூரியின் உதைபந்தாட்ட வீரன் டொம் மார்லோ வானியற் பாடத்திற் சித்தியடைந்தாலன்றி இறுதி ஆட்டத்தில் இறங்க முடியாது. அவனுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்க முன்வருபவள் கொனி லேன் என்னும் படிப்பாளி. வசதியும் அழகும் படைத்த அவளது உறவுப்பெண்ணுக்கே டொம் முன்னர் வாக்களித்திருக்கின்றான். பாடம் நடக்க நடக்கக் காதலும் வளர்கின்றது.

இவ்வகைப் படங்களின் கட்டமைப்பை இக்கதையிலே காணலாம். பரீட்சை ஒரு தடை, ஆட்டமே இலக்கு. வானியல் நாயகனுக்கு எவ்வகையிலும் தேவைப்படவில்லை. விண்மீன்களைப் பற்றிய அறிவு அவனைக் களத்துக்கு அனுப்பும் அனுமதிச் சீட்டாகவே பயன்படுகின்றது. பரீட்சையிற் சித்தி பெறாவிட்டால் அவன் வாழ்வு என்னாகும் என்ற கேள்வி எழுவதே இல்லை. ஆட்டத்தில் அவன் பங்குபற்றாவிட்டாற் கல்லூரி என்னாகும் என்பதே எல்லோரின் கவலையும். பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாழ்க்கையில் ஓர் இடம் உறுதி என்ற நம்பிக்கையுடைய வர்க்கத்தின் கனவு இது எனலாம்.

'குட் நியூஸ்' படத்துக்குப் பின்னர் நேர்ந்த கதியும் கவனிக்கத்தக்கது. இன்று எஞ்சியுள்ள பிரதியில் வண்ணத்திற் படமாக்கப்பட்ட இறுதிச் சுருள் இல்லை. வண்ணமயமான முடிவை நோக்கியே நகர்த்தப்பட்ட ஒரு கதை, அம்முடிவை இழந்த நிலையிற் காணக் கிடைக்கின்றது. இந்தக் குறை படத்தை மதிப்பிடுவதற்கு ஒருவகையில் உதவியாகவும் அமைகின்றது. முடிவின் மயக்கம் நீங்கியபின் எஞ்சி நிற்பது கொனியின் உழைப்பே. அவள் படித்தவள், படிப்பிப்பவள். ஆயினும் அவளது கல்வி அவளுக்கு என்ன பயன் தரும் என்பதைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை.

இக்கனவு எத்தகைய உண்மையை மறைத்தது என்பதை 1929 ஒக்டோபரில் வெளிவந்த அறிக்கையொன்று காட்டிற்று. கல்வி மேம்பாட்டுக்கான கார்னகி நிதியம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, ஆட்டக்காரரைப் பணமும் சலுகையுங் கொடுத்துத் திரட்டும் வழக்கம், ஆராயப்பட்ட கல்லூரிகளுட் பெரும்பாலானவற்றில் நிலவியமையை வெளிப்படுத்தியது. நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்ததும் அதே மாதத்திலேயே. கல்லூரிக் காதற் படங்களைப் பார்த்துச் சிரித்துப் பாடிய கூட்டம் விரைவில் வேலையற்றோர் வரிசையிற் காலூன்ற நேர்ந்தது.

ஹக்ஸ்லியும் டார்வினும்

இப்பின்னணியில் 1932 ஓகஸ்டில் வெளிவந்த 'ஹோர்ஸ் பெதர்ஸ்' இவ்வகைப் படங்களுள் தனித்து நிற்பது. நோர்மன் மக்லியொட் இயக்கத்தில் மார்க்ஸ் சகோதரர் நால்வரும் நடித்த படம் இது. இதனைப் பொருளற்ற கூத்து என்று கொள்வோர் உளர். உண்மையில், 'குட் நியூஸ்' போன்ற படங்கள் பூசி மறைத்தவற்றைப் பகிரங்கமாகச் செய்து காட்டியதே இதன் சாதனை.

ஹக்ஸ்லி கல்லூரி 1888 முதல் ஆண்டுதோறும் ஒரு தலைவரை மாற்றி வந்திருக்கின்றது. ஆட்டத்தில் மட்டும் வெற்றி கண்டதில்லை. புதிதாகப் பதவியேற்கும் பேராசிரியர் வாக்ஸ்டவ், கல்லூரி படிப்பிற் காட்டிய கவனமே இக்குறைக்குக் காரணம் எனத் தம் மகன் வாயிலாக அறிகின்றார். மதுவிலக்குக் காலத்தில் இரகசியமாக நடந்த மதுச்சாலை ஒன்றுக்குச் சென்று, இரு தொழில்முறை ஆட்டக்காரரை விலைக்கு வாங்க முற்படுகின்றார். ஆனால் அவர் தவறாக அமர்த்திக்கொள்வது பனிக்கட்டி விற்பவன் ஒருவனையும் நாய் பிடிப்பவன் ஒருவனையும். உண்மையான ஆட்டக்காரரை எதிரணியான டார்வின் கல்லூரி முன்னரே விலைக்கு வாங்கிவிட்டது. டார்வினின் கோட்பாட்டைக் காத்து வாதாடியவர் என்று புகழ்பெற்ற ஹக்ஸ்லியின் பெயரை ஒரு கல்லூரிக்கும், டார்வினின் பெயரை அதன் பகைக் கல்லூரிக்கும் இட்டது ஒரு கூர்மையான கேலி. அறிவுலகில் ஒன்றாக நின்ற இருவரும் பந்தின் பொருட்டு எதிரிகளாகின்றனர்.

படத்தில் முதன்மையான காட்சி ஒன்றுண்டு. ஒரு விளையாட்டரங்கும் ஒரு கல்லூரியும் நம்மிடம் உண்டா என்று தலைவர் பேராசிரியர்களைக் கேட்கின்றார். உண்டு என்கின்றனர். இரண்டையும் ஒருங்கே தாங்க இயலாது, ஆகவே கல்லூரியை இடித்துவிடத் தொடங்குவோம் என்பது அவரது முடிவு. கார்னகி அறிக்கை பக்கம் பக்கமாகக் கூறியதை இக்காட்சி ஒரு நிமிடத்திற் கூறிவிடுகின்றது. நாய் பிடிப்பவனாக வரும் ஹார்ப்போ தலைவரின் அறையில் நூல்களை மண்வெட்டியால் அள்ளி நெருப்பிலிடும் காட்சியும் இதனோடு இணைத்து நோக்கற்பாலது. அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியிற் பல்கலைக்கழக மாணவர் நூல்களை உண்மையாகவே தீயிலிட்டனர். படத்தை எடுத்தோர் இதனை முன்னறிந்திருக்க முடியாது. ஆயினும் கல்விக்கூடத்தில் நூல் எரிதல் வெறும் வேடிக்கையாய் இருந்த கடைசி ஆண்டுகளில் இப்படம் தோன்றியது என்ற உணர்வு இன்றைய பார்வையாளனுக்கு எழாமலிராது.

காதலைப் பொறுத்தவரையும் படம் இவ்வாறே நடந்துகொள்கின்றது. ஒரே காதற் பாடலை நால்வரும் நான்கு விதமாக நிகழ்த்துகின்றனர்: ஒருவர் உருகிப் பாடுகின்றார், ஒருவர் பியானோவில் விளையாட்டாக வாசிக்கின்றார், பேசாதவர் யாழில் மீட்டுகின்றார், தலைவர் கிற்றாருடன் அமர்ந்து பாட்டையே பரிகசிக்கின்றார். ஏனைய படங்களில் உள்ளத்தின் குரலாகக் காட்டப்படும் காதற் பாட்டு ஒரு வாய்பாடே என்பது இதனால் வெளியாகின்றது. அந்நால்வரும் நாடும் பெண்ணோ, எதிரணியை ஆதரிக்கும் சூதாடிக்காக ஹக்ஸ்லியின் ஆட்டக் குறிப்புகளைத் திருட முயல்பவள். ஆட்டமும் விலைக்குரியது, காதலும் விலைக்குரியது என்ற நிலையில் வெற்றி எதனைக் குறிக்கும்? இறுதி ஆட்டத்தில் மார்க்ஸ் சகோதரர் குப்பை வண்டியொன்றைப் பண்டைய உரோமானியரின் தேர்போலச் செலுத்தி வென்றுவிடுகின்றனர். அதன்பின் அவர்களுள் மூவர் அப்பெண்ணை ஒரே சடங்கில் மணக்கின்றனர். காதல் நகைச்சுவையின் மரபான முடிவான திருமணத்தை இவ்வளவு தூரம் சிதைத்த படம் அக்காலத்தில் அரிது.

எனினும் இப்படத்தின் துணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. நிறுவனத்தைக் கேலி செய்பவர் நிறுவனத்தின் தலைவரே. கல்லூரியை இடிக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் உடையவர் சொல்லும்போதே அது சிரிப்பாகின்றது. அக்கல்லூரியிலே தன் ஒரே வாய்ப்பைத் தேடி வந்த மாணவன் எவனும் திரையில் இல்லை. அத்தகையவன் ஒருவன் வகுப்பறையின் மூலையில் அமர்ந்திருந்தால் அந்தச் சிரிப்பு அவ்வளவு எளிதாக எழுந்திராது.

சபாபதியின் பரீட்சை

தமிழில் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகள் புராணமும் நாட்டார் கதையும் மேலோங்கி நின்றன. சமூகப் படங்கள் முப்பதுகளின் நடுப்பகுதியிலேயே வலுப்பெற்றன. இவற்றுட் பெயர்பெற்றவற்றிற் படித்தவன் பெரும்பாலும் மேனாட்டு உடையும் தவறான பழக்கங்களும் கொண்டு வழிதவறுபவனாகவோ, திருந்தி வருபவனாகவோ தோன்றுகின்றான். விளையாட்டு வீரனாக அவன் நாயகத்தன்மை பெறுவதில்லை.

1941 டிசம்பரில் வெளிவந்த 'சபாபதி' இவ்வரிசையில் ஒரு திருப்பம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கினர். செல்வக் குடும்பத்து மகன் சபாபதி முதலியாராக டி. ஆர். இராமச்சந்திரனும், அவனது பெயரையே தாங்கிய வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். பாடசாலைப் பரீட்சையைத் தாண்ட இயலாத அப்பாவியே நாயகன். அவனுக்கு மனைவியாக வருபவள் கல்வியறிவுடையவள். அவள் துணைநின்று அவனைக் கரையேற்றுகின்றாள்.

இங்கே 'குட் நியூஸ்' கதையோடு ஓர் ஒற்றுமை வெளிப்படை. இரண்டிலும் ஆண் கற்க மாட்டாதவன், பெண் கற்பிப்பவள், கற்பித்தலே காதலின் வடிவம். ஆயின் அமெரிக்கப் படத்திற் பரீட்சையைத் தாண்டியவனுக்கு மைதானம் காத்திருக்கின்றது. தமிழ்ப் படத்திற் பரீட்சைக்கு அப்பால் வேறு களமில்லை. குடும்ப மானம், தந்தையின் மதிப்பு, கணவன் என்ற நிலை யாவும் பரீட்சை முடிவிலேயே தங்கியுள்ளன. அமெரிக்கப் படத்தின் இறுதி ஆட்டத்துக்குரிய பரபரப்பைச் 'சபாபதி' பரீட்சைக்கு வழங்கியுள்ளது. காலனித்துவ ஆட்சியில் ஆங்கிலப் பரீட்சையே உத்தியோகத்துக்கும் மதிப்புக்கும் வாயில் என்ற உண்மையிலிருந்து இது பிறந்தது. சபாபதி செல்வன் மகன். உத்தியோகம் அவனுக்கு உணவுப் பிரச்சினையன்று. அவ்வாறிருந்தும் அவன் தேறியே ஆகவேண்டும் என்பது பரீட்சை பெற்றிருந்த சமூக அதிகாரத்தின் அளவைக் காட்டும்.

வேலைக்காரச் சபாபதியின் இடமும் சிந்திக்கத்தக்கது. எசமானின் சொல்லை நேர்ப்பொருளிற் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் குழப்புபவன் அவன். ஒரே பெயர், ஒரே அறியாமை. ஆனால் ஒருவனது அறியாமைக்கு ஆசிரியரும் பரீட்சையும் மனைவியின் பொறுமையும் உண்டு. மற்றவனது அறியாமை சிரிப்புக்கு மட்டுமே உரியது. காளி என். ரத்தினமும் சி. டி. ராஜகாந்தமும் இப்படத்தாற் பெரும் புகழ் அடைந்தனர். படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை அவர்களதே. பம்மல் இரு சபாபதிகளையும் அருகருகே நிறுத்தியபோது, வேறுபாடு அறிவிலன்று, வாய்ப்பிலே உள்ளது என்ற உண்மை தானே வெளிப்பட்டுவிட்டது. படம் இதனை வளர்த்துச் செல்லவில்லை என்பதே அதன் பெருங்குறை.

கொட்டாஞ்சேனையிலிருந்து நோக்குமிடத்து

பம்மலின் சுகுண விலாச சபை கடல் கடந்து வந்து இலங்கையிலும் நாடகமாடியது. கொழும்பு வடக்கின் தமிழர் அந்நாடக மரபையும், பின்னர் அதன் வழிவந்த திரைப்படத்தையும் ஜிந்துப்பிட்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலுங் கண்டவர்கள். ஏற்றத்தாழ்வுகளால் பிளவுண்ட தமிழர் முதன்முதலில் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக அமர்ந்தது திரையரங்கிலேயே என்னும் கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி முன்வைத்துள்ளார். துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் வணிகரும் எழுதுவினைஞரும் மாணவரும் நெருங்கி வாழும் கொட்டாஞ்சேனைக்கு இக்கூற்று மிகப் பொருந்தும். ஆனால் ஒரே கூரையின்கீழ் இருந்தோர் ஒரே காரணத்துக்காகச் சிரித்தனரா என்பது வேறு வினா.

கல்லூரி விளையாட்டின் பெருமையைக் கொழும்பு அறியாததன்று. றோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டியின் தொடக்கம் 1879இல் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடிய ஆட்டம். கொடியும் பப்பரே வாத்தியமும் பழைய மாணவரின் ஊர்வலமுமாக அமைந்த அவ்விழா, ஹொலிவூட் கற்பனை செய்த கல்லூரி ஆரவாரத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் 'வடக்கின் போர்' இதற்கு இணையானது.

பலரும் மறந்துவிட்ட செய்தி ஒன்றுண்டு. அப்போட்டி தொடங்கிய நாளிற் புனித தோமஸ் கல்லூரி இருந்த இடம் கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரம். துறைமுகம் விரிந்து நிலக்கரித் தூசி பெருகவே, கல்லூரி 1918இற் கல்கிசைக் கடற்கரைக்குப் பெயர்ந்தது. துறைமுகத்தின் செல்வத்தாற் பயன்பெற்ற நகரத்தின் சிறப்புக் கல்லூரி அதன் தூசியைத் தாங்காது தெற்கே சென்றது. தூசியிலே உழைத்தோர் வடக்கிலேயே தங்கினர். கொட்டாஞ்சேனையிற் புனித பெனடிக்ற் கல்லூரி போன்றவை தம் விளையாட்டு மரபைப் பேணி வந்தன என்பது உண்மையே. ஆயினும் அயலிலுள்ள பெருந்தொகையான பிள்ளைகளுக்கு மைதானம் என்பது வேறொருவரின் சொத்து. அவர்களுக்குக் கிடைத்த களம் பரீட்சையே. அங்குள்ள விவேகானந்த சபை நாடளாவிய முறையில் நடத்தும் சைவ சமயப் பரீட்சையை எண்ணினால், பக்தி கூடப் புள்ளிகளால் அளக்கப்படும் ஒரு சூழலை உணரலாம். ஆடுகளம் அற்றவர்கள் பரீட்சையைத் தம் ஆடுகளமாக்கிக் கொண்டனர் என்று இதனைக் கொள்ளுதல் பொருந்தும்.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் இப்பரீட்சைக் களம் அகன்றது. ஆனால் வாயிலை அடைந்தோர் தொகை பெருகிய அளவுக்கு வாயில் அகலவில்லை. எழுபதுகளின் முற்பகுதியில் அறிமுகமான தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும், பெற்ற புள்ளி மட்டும் போதாது என்ற நிலையைத் தோற்றுவித்தன. வசதி குறைந்த மாவட்டங்களைச் சேர்ந்த மாணவர் சிலருக்கு, அவர்களுள் தமிழருக்கும், அது வழி திறந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் தேறியும் இடம் பெறாத இளைஞனின் மனக்கசப்பு ஒரு தலைமுறையின் வரலாற்றையே மாற்றிற்று. டொம் மார்லோவுக்காகப் பரீட்சையைச் சற்றுத் தளர்த்தினால் என்ன என்று கல்லூரி முழுவதும் ஏங்குவதைக் காணும் பார்வையாளன், இந்த வரலாற்றோடு திரையரங்கில் அமர்ந்திருப்பானாயின், அவனது சிரிப்பில் ஒரு முள் தைத்தே தீரும்.

முடிபாகச் சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். 'குட் நியூஸ்' பட்டத்தைப் பற்றிக் கவலையற்ற வர்க்கத்தின் இன்பக் கனவு. 'ஹோர்ஸ் பெதர்ஸ்' அக்கனவை உள்ளிருந்தே உடைத்த கேலி. கல்லூரி எதற்காக என்ற வினாவை அது எழுப்பியது, யாருக்காக என்ற வினாவை எழுப்பவில்லை. 'சபாபதி' பரீட்சையின் அதிகாரத்தைச் சிரிப்பாக்கியது. ஆனால் பரீட்சைக்கு அமரும் வாய்ப்பே இல்லாத இரண்டாவது சபாபதியை அடுக்களையிலே விட்டுவிட்டது. கொனியும் சபாபதியின் மனைவியும் தம் அறிவை ஆணின் வெற்றிக்கு ஈந்தபின் கதையிலிருந்து மெல்ல மறைகின்றனர். இக்குறைகள் இருந்தும் மூன்றும் இன்றும் பார்க்கத்தக்க படங்களே. சிரிக்கவைக்கும் ஆற்றலை அவை இழக்கவில்லை.

கொழும்பு வடக்கை அறிந்த கலைஞரொருவர் கல்லூரி நகைச்சுவைப் படமொன்றை ஆக்க முனைந்தால், அவருக்கு வேண்டிய பொருள் முழுவதும் அங்கேயே உள்ளது: தூரத்தே கேட்கும் பப்பரே முழக்கம், ஒழுங்கையிலே பலகைத் துண்டைத் துடுப்பாகக் கொண்டு ஆடும் சிறுவர், தம்பிக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தன் பரீட்சைக்கும் ஆயத்தமாகும் அக்கா, முடிவு வெளியாகும் நாளில் வீடுகளிற் கவியும் மௌனம். அந்த அக்காவின் பரீட்சை முடிவையும் கூறும் படமாக அது அமையுமாயின், பல்லாண்டுகளுக்கு முற்பட்ட இப்படவகை தீர்க்காது விட்ட கணக்கொன்று தீரும்.